கடைசிக் கோடு

கணவரின் சீனப் பெயரைக் கல்லறைக் கல்லில் அவளே தூரிகையால் எழுத வேண்டும். கல்தச்சர் அதன் மேல் உளி வைப்பார். தமிழ் எழுதிப் பழகிய கை, அந்தச் சீன எழுத்தில் வரும் சதுரக் கட்டத்தை ஒரே இழுப்பில் சுற்றி மூடத் துடித்தது.

"நூல்கண்டா சுத்துறீங்க அண்ணி?" நாத்தனார் கையைப் பிடித்தாள். "மூணு பக்கம் போடுங்க. அப்புறம் உள்ளே இருக்கிற கோடுங்க. அடிக்கோடு கடைசியாத்தான்."

"தப்பாயிட்டா?"

"கல்லு மையைக் குடிச்சிடும். அழிக்க முடியாது."

உள்ளே எல்லாம் சரியாக விழுந்தும் அடிக்கோட்டுக்குக் கை வரவில்லை. போட்டுவிட்டால் அவர் உள்ளேயே இருந்துவிடுவார் என்று பட்டது.

"மை காயுது அண்ணி."

மூச்சைப் பிடித்து இழுத்தாள். கோடு சாய்ந்துவிட்டது.

"செதுக்கும்போது நேராக்கிடட்டுமாம்மா?" என்றார் கல்தச்சர்.

"வேணாங்க. அவர் கையெழுத்து இதைவிடக் கோணல்."