சன்னல் கட்டில்

என் மாமா டாக்டர் ஸுந்தரராஜனின் ஆஸ்பத்திரியில் தப்பே நடந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. முதலில் சொன்னவர் மாமா. "பகவானுக்கே ஒண்ணு ரெண்டு இடத்திலே கை தவறியிருக்கு, உங்க பிரின்ஸிபாலைப் பார்த்தாலே தெரியறது. எனக்குத் தவறினதில்லை" என்பார். சிரிக்காமல் சொல்வார். நானும் சிரிக்காமல் கேட்டுக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் அதற்குச் சின்ன வயதிலிருந்தே பயிற்சி உண்டு.

அப்போது நான் ராஜபாளையத்தில் பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். எண்பத்தெட்டாம் வருஷம். மதுரையில் மேல்படிப்புப் படிக்கும் டாக்டர் ஜயலக்ஷ்மி என்பவர், சின்ன ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குத் தப்பு எப்படி நேர்கிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்ச்சி செய்ய வந்தார். கணக்குப் போட நல்ல பையனாக ஒருவன் வேண்டுமென்று எங்கள் கல்லூரியில் கேட்டிருக்கிறார். நல்ல பையன்களெல்லாம் லீவில் ஊருக்குப் போயிருந்ததால் என்னை அனுப்பினார்கள். ராஜபாளையத்தில் அவர் போன ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஆராய்ச்சி என்றதும் கதவைச் சாத்தின. நான்தான் மாமாவிடம் அழைத்துப் போனேன்.

"தாராளமாத் தேடும்மா. கிடைச்சா எனக்கும் காட்டு" என்றார் மாமா.

ஜயலக்ஷ்மி ஒன்றுமே செய்யவில்லை. பெண்கள் வார்டின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சொன்னார்: "டாக்டர், இங்கே யாருக்கும் பேரே இல்லை."

உண்மைதான். மாமாவுக்கு நோயாளிகள் கட்டிலால் தெரிவார்கள், ஊரால் தெரிவார்கள், உபத்திரவத்தால் தெரிவார்கள். "சன்னல் கட்டிலுக்கு ஊசி", "சோழபுரத்து வயித்துக்குக் கஞ்சி" என்றுதான் உத்தரவு போகும். சன்னல் கட்டில் என்றால் சம்சாத் பேகம். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் மனைவி, நெஞ்சில் சளி, காலையில் பென்சிலின். சோழபுரத்து வயிறு என்றால் பக்கத்துக் கட்டில் அய்யம்மாள். காட்டு வேலை செய்கிறவள், வயிற்றில் புண்.

அய்யம்மாளுக்குப் பென்சிலின் ஆகாது. முன்பு ஒரு தடவை எங்கேயோ போட்டு, மூச்சு முட்டி, போன உயிர் திரும்பியிருக்கிறது. அவள் புருஷன் மலைச்சாமி அதை மாமாவிடம் சொன்னான், நர்ஸுகளிடம் சொன்னான், கூட்டுகிற அம்மாவிடம் சொன்னான், என்னிடமும் சொன்னான்.

"தம்பி, அந்த ஊசி மட்டும் ஆகாது. பாத்துக்கிடுங்க."

"நான் கணக்குப் போடறவன்ங்க."

"இருக்கட்டும். கணக்குலயும் சேத்துக்கிடுங்க."

மாமா அவன் தோளில் தட்டினார். "மலைச்சாமி, நான் செத்தாலும் இதை மறக்க மாட்டேன்."

அவர் மறக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஜயலக்ஷ்மி கேட்டது ஒன்றே ஒன்றுதான். மருந்தோ ஊசியோ கொடுக்கும் முன் நோயாளி தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். நாம் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்கக் கூடாது.

"ஏன், கேட்டா என்னவாம்?" என்றார் மாமா.

ஜயலக்ஷ்மி அய்யம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க மாரியாத்தாள்தானேம்மா?"

"ஆமா தாயி."

மலைச்சாமி பதறிவிட்டான். "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒம் பேரு அய்யம்மாள்லா?"

"எனக்குத் தெரியாதாக்கும்? அம்புட்டுப் படிச்சவுக வாய் தெறந்து கேக்காக. இல்லைன்னு சொன்னா அவுக மொகம் சுண்டிப் போயிராதா?"

வார்டே சிரித்தது. சம்சாத் பேகம் இருமி இருமிச் சிரித்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தியாம்மா? அவளுக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு. இதைப் போய் தப்புங்கறியே."

அன்று முதல் மாமாவுக்கு அது விளையாட்டானது. வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய் உண்டு. பிஸ்கட் போடும் முன் அதனிடம், "உன் பேரென்ன? நீயே சொல்லணும்" என்பார். நாய் வாலை ஆட்டும். "ஒத்துழைக்க மாட்டேங்கறது. ஆராய்ச்சியிலே எழுதிக்கோ" என்பார். ஒரு நாள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைக் காட்டி, "இவன் பொறந்தப்போ காதிலே நம்பின்னு மூணு தடவை சொல்லிப் பேர் வெச்சதே நான். நாளைக்கு இவனுக்கு ஜுரம் வந்தா, இவன்கிட்டேயும் உன் பேரென்னடான்னு கேக்கணுமாம்" என்றார். பந்தியில் ரசம் புரையேறாதவர் இல்லை.

ஆடிப்பூரம் வந்தது. நர்ஸுகளில் பாதிப் பேர் கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஜயலக்ஷ்மி மதுரைக்குப் போயிருந்தார். நான் மட்டும் நல்ல பிள்ளையாகக் காலை பஸ்ஸில் வந்துவிட்டேன்.

பெண்கள் வார்டுச் சன்னலிலிருந்து ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும். சன்னல் கட்டிலில் படுத்தால் தலையைத் தூக்காமலே பார்க்கலாம். பக்கத்துக் கட்டிலிலிருந்து சுவர்தான் தெரியும். ஆடிப்பூரத்தன்று சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறோமே என்று அய்யம்மாள் விடியலிலிருந்து புலம்பியிருக்கிறாள்.

"நீ இங்கிட்டு வந்து படு தாயி. கோபுரம் எங்கே ஓடிரப் போகுது, நான் நாளைக்குப் பாத்துக்கிடுதேன்" என்று சம்சாத் பேகம் கட்டிலை மாற்றிக் கொடுத்திருக்கிறார். பிறகு இருமல் அடங்கி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிப்போனார்.

மாமாவே ஊசியோடு வந்தார். இடுப்பில் போடுகிற ஊசி. அந்த ஊசிக்குப் பெண்கள் முக்காடு போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாமாவும் மரியாதைக்கு முகத்தைப் பார்க்க மாட்டார். வாசலில் நின்ற நானும் திரும்பிக்கொண்டேன். குரல் மட்டும் கேட்டது.

"என்ன பேகம், போட்டுடலாமா?"

"சரிங்கய்யா."

தலையணைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் யாருடையதாகவும் இருக்கலாம். மாமா பஞ்சால் துடைத்துவிட்டு நகர்ந்தார். வார்டின் கோடிக்குப் போவதற்குள், "அய்யா, மூச்சு" என்று ஒரு சத்தம். திரும்பி ஓடி வந்து முக்காட்டை விலக்கினார்.

மாமாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எல்லாம் ஞாபகத்திலேயேதான் இருந்தது. அட்ரினலின் கேட்டார், நானே ஓடி எடுத்துக் கொடுத்தேன். ஆக்ஸிஜன் வைத்தார். மார்பை அழுத்தினார், வியர்வை சொட்டச் சொட்ட அழுத்தினார். அதற்குப் பிறகு அவர் செய்தது எதிலும் தப்பில்லை.

அய்யம்மாள் சன்னல் பக்கம் பார்த்தபடியே போய்விட்டாள்.

சம்சாத் பேகம் விழித்து, பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான்யா மாறிப் படுக்கச் சொன்னேன். பாவி, நான்தான் சொன்னேன்."

"இல்லேம்மா" என்றார் மாமா.

மலைச்சாமி கோயிலிலிருந்து வந்தான். இலையில் குங்குமம் மடித்துக் கொண்டுவந்திருந்தான். மாமா அவனை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடவில்லை. வார்டு நடுவிலேயே, எல்லோரும் கேட்கச் சொன்னார்.

"மலைச்சாமி, நீ ஆகாதுன்னு சொன்ன ஊசி. நான்தான் போட்டேன். ஆளைப் பார்க்காமப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

மலைச்சாமி கட்டிலைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"ஆமாங்கய்யா" என்றான்.

அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்கிறானா, நீதான் கொன்றாய் என்கிறானா, படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறானா, எங்களுக்குத் தெரியவில்லை. குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்தான். மிச்சத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஜயலக்ஷ்மி வந்தார். மாமா அவரை உட்காரச் சொல்லி, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார்.

"எல்லாத்தையும் எழுது. என் பேரைப் போட்டே எழுது."

"ஆராய்ச்சியிலே பேர் போடறதில்லை டாக்டர். உங்க பேரும் வராது, அவங்க பேரும் வராது." சொல்லிவிட்டு ஜயலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டார். இதைக் கேலி செய்ய என்னிடம் தயாராகவே ஒரு வாக்கியம் இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் எனக்கு ஜுரம் வந்தது. அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரி அப்படியேதான் இருந்தது. பெண்கள் வார்டைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். கட்டில்கள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டிருந்தார்கள். எந்தக் கட்டிலில் படுத்தாலும் கோபுரத்தின் நுனியாவது தெரியும்.

மாமா ரொம்ப மெலிந்திருந்தார். என் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், ஊசியில் மருந்தை ஏற்றினார். பிறகு ஊசியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உன் பேரென்ன?"

அம்மா ஆச்சரியமாக அவரைப் பார்த்தாள். எனக்கு நாயின் ஞாபகம் வந்தது, பந்தியில் புரையேறிய ரசத்தின் ஞாபகம் வந்தது. மாமா அவசரப்படவில்லை. ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நம்பி" என்றேன். "சம்பத்குமாரோட பிள்ளை நம்பி. ராஜபாளையம்."

"எந்த மருந்தாவது ஆகாதா?"

"இல்லை மாமா."

என் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டார்.