தங்கையின் மின்விசிறி

அந்த ஆகஸ்டில் பதினேழு நாள் விடாமல் தூறியது. ஸ்டெய்ன்வோர் அறுத்துப்போட்ட புல் வயலிலேயே கிடந்து கறுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை ஹால்பெரா, ஈரம் முழுதாகப் போகாத புல்லையே கட்டுகளாகக் கட்டி, கொட்டகையில் மரச்சட்டத் தளத்தின்மேல் இடைவெளியில்லாமல் அடுக்கிவிட்டாள். தளத்துக்கு அடியிலிருந்து பெரிய மின்விசிறி ஒன்று இரவு பகலாகக் காற்றை மேலே தள்ளியது. வடக்கு ஐஸ்லாந்தின் குளிர்காற்றுதான். ஆனாலும் கட்டுகள் பச்சை நிறம் மாறாமல் காய்ந்தன.

அப்பாவின் நல்ல நிலம் அக்காவுக்கு வந்தது. தங்கை வாங்கியது யாரும் சீண்டாத சதுப்பு. பதினோரு வருஷமாக ஸ்டெய்ன்வோரிடம் புல் எடுத்த குதிரைக்காரர் அந்த வாரம் அவள் வாசலில் வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்காமல் நேரே ஹால்பெரா வீட்டுக்குப் போனார்.

"அவ கட்டைப் பிரிச்சா தேயிலை மாதிரி மணக்குது" என்றான் அவள் கணவன் ஒஃபெய்கூர்.

"அப்ப அங்கேயே போய்ப் புல்லத் தின்னு" என்றாள்.

மறுநாள் ஹால்பெரா ஓடி வந்தாள். மகளுக்குப் பிரசவ வலி. அக்யூரேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். "அக்கா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். விசிறி ஓடுதான்னு மட்டும் எட்டிப் பாரு. நேத்து அடுக்கினதெல்லாம் இன்னும் ஈரம்."

மதியம் இரண்டு மணிக்கு ஸ்டெய்ன்வோர் போனபோது கொட்டகையில் சத்தமே இல்லை. மின்சாரம் ட்ரிப் ஆகியிருந்தது. சுவரில் இருந்த விசையை மேலே தள்ளினால் போதும். அவள் கை உயரவில்லை. பல நாளாகக் காதைக் குடைந்த அந்த இரைச்சல் நின்றது அவளுக்கு இனித்தது. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடித்தாள். 'நான் நிறுத்தலையே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலையில் மனம் பொறுக்காமல் திரும்பிப் போனாள். கதவைத் திறந்ததும் கருகின சர்க்கரை வாசம். ஒரு கட்டுக்குள் கையை நுழைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். காற்று நின்றதில் ஈரப் புல் உள்ளுக்குள் தானாகவே சூடேறிக் கொதித்தது. இன்னும் ஒரு நாள் போனால் கொட்டகையே பற்றிக்கொள்ளும்.

விசையைத் தள்ளினாள். விசிறி உறுமியது. ஒஃபெய்கூரைக் கூவி அழைத்தாள். இருவரும் சூடேறிய கட்டுகளை இழுத்து வெளியே போட்டார்கள். நாற்பது கட்டு வெந்து பழுப்பாகிக் கெட்டிருந்தது. மற்றவை தப்பின.

சாயங்காலம் ஹால்பெரா வந்து இறங்கினாள். பேரன் பிறந்திருந்தான். ஒஃபெய்கூர் முந்திக்கொண்டான். "உன் அக்கா மட்டும் இல்லேன்னா கொட்டகை சாம்பல்தான்!"

ஹால்பெரா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்பைத்தான் ஸ்டெய்ன்வோரால் தாங்க முடியவில்லை.

"விடுடி. அது நேத்தே நின்னுபோச்சு. பார்த்தேன். பார்த்துட்டுப் பேசாம போயிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு."

"ஏன்?"

"அந்தக் குதிரைக்காரர் உன் வீட்டுக்குப் போனாரு. வயிறு எரிஞ்சுது. வேற என்ன சொல்றது?"

ஹால்பெரா கைகளை எடுத்துக்கொண்டாள். "அந்த நாப்பது கட்டையும் நீயே எருக்குழிக்குச் சுமக்கணும். மாமா தொடக் கூடாது."

ஸ்டெய்ன்வோர் சுமந்தாள். தங்கை கதவருகே நின்று கடைசிக் கட்டு வரைக்கும் பார்த்தாள். ஒரு கை கொடுக்கவில்லை.

அதன்பின் பேச்சில்லை. செப்டம்பரில் கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து ஆடுகள் இறங்கின. ஊரே பட்டியில் கூடி அவரவர் ஆட்டைக் காது அடையாளம் பார்த்துப் பிரித்தது. நெரிசலுக்குள்ளிருந்து ஹால்பெரா ஒரு கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்து அக்காவின் முன்னால் விட்டாள்.

"உன்னோடது" என்றாள். போக எடுத்த காலை நிறுத்தி, "பேரப் பயலுக்கு உன் மூக்கு. பாவம்" என்றாள்.

ஸ்டெய்ன்வோருக்குச் சிரிப்பு வந்தது. தங்கைக்குப் பேரன் பிறந்துவிட்டான், தனக்கு இன்னும் இல்லை என்ற எரிச்சலும் கூடவே வந்தது. கிடாவின் கொம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "எப்ப வந்து பார்க்கட்டும்?" என்று கேட்டாள்.