கொன்னைக்குறிச்சிப் பள்ளியின் மூன்றாவது உத்தரம்

1980ஆம் ஆண்டு ஆவணி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, குஞ்சம்மாளின் வாயிலிருந்து ஒரு சிமெண்ட் கம்பத்தின் ஓசை வந்தது. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையோரம் மின்கம்பம் வார்க்கும் களம் ஒன்று இருந்தது. அவள் அங்கே, புதிதாக வார்த்துக் கிடந்த கம்பங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வயது முப்பத்திரண்டு. பத்தடி தள்ளி, களத்தின் சோதனை ஆள் ஆண்டவர், எட்டு மீட்டர் கம்பம் ஒன்றின் நுனியைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கம்பம் ஊமையாகக் கிடந்தது. அதில் எழுந்திருக்க வேண்டிய கணீரென்ற ஓசை, கொட்டாவி விடத் திறந்த குஞ்சம்மாளின் வாயிலிருந்து எழுந்தது. இடுப்பிலிருந்த குடம் விழுந்து நசுங்கியது. களத்தில் இருந்த பதினேழு பேரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

ஆண்டவர் திருச்சியில் படித்தவர். ஒரு கம்பத்தை உடைத்துப் பார்த்தால் அது நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும், ஆனால் அதற்கப்புறம் கம்பம் இருக்காது. உடைக்காமலே தெரிந்துகொள்வதுதான் அவர் வேலை. கம்பத்தில் மெழுகு வைத்து ஒட்டிய ஒரு சின்ன வில்லை, கம்பி வழியாக அதிர்வை ஒரு பெட்டிக்கு அனுப்பும்; நுனியைத் தட்டிவிட்டு அந்தப் பெட்டியின் முள்ளைப் பார்ப்பார். உள்ளே குறையில்லாத கம்பம் வினாடிக்கு இருநூற்றைம்பது தடவை அதிரும், ஓசை நீண்டு நிற்கும். உள்ளே கீறல் இருந்தால் அதிர்வு குறையும், ஓசை ஓட்டைப் பானையைத் தட்டினாற்போல உடனே செத்துவிடும். அன்று அவர் இன்னும் ஆறு கம்பங்களைத் தட்டினார். ஐந்துக்குக் குஞ்சம்மாள் மணி போல ஒலித்தாள். ஆறாவதற்கு ஓட்டைப் பானைச் சத்தம் வந்தது, அவள் பல்லெல்லாம் கூசி நாக்கில் துருப்பிடித்த இரும்பின் ருசி தட்டியது. அந்தக் கம்பத்தை உடைத்தார்கள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பொந்து இருந்தது.

அரியலூர் டாக்டர் அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, நெஞ்சில் ஒன்றுமில்லை, ரத்தம்தான் கொஞ்சம் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆண்டவர் மூன்று மாதம் பெட்டியையும் அவளையும் ஒப்பிட்டு நோட்டில் எழுதினார். இருநூற்றுப் பதினாறு கம்பங்களில் ஒன்றில்கூடப் பெட்டியும் அவளும் மாறுபடவில்லை. அதன்பிறகு மழைநாளில் பெட்டி மக்கர் செய்தால் யாரும் கவலைப்படவில்லை. இரண்டு வருடத்துக்குள் உடையார்பாளையத்திலிருந்தும் பூலாம்பாடியிலிருந்தும் வண்டி அச்சு, ஆட்டுக்கல், கிணற்று உறை என்று கொண்டுவந்து தட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். அவளும் தண்ணீர் ஊற்றியபடியே வாயைத் திறந்து காட்டுவாள். இதில் எதுவும் பிடிக்காதவன் அவள் கணவன் மதுரைவீரன் ஒருவன்தான். தா.பழூர் பக்கத்தில் பேர்போன கொத்தனார். அவள் வீட்டுக்குள் வந்தால் கொத்துக்கரண்டியையும் பூசுகிற கொலுறையும் சத்தம் வராமல் சாக்கில் சுற்றி வைப்பான்.

1983 ஆடியில் கொன்னைக்குறிச்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அரியமுத்து களத்துக்குச் சைக்கிளில் வந்தார். நாலாம் வகுப்பின் மேலே போகிற உத்தரத்தில், பூச்சுக்கு மேல் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிகிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார். 1981இல் அந்தப் பள்ளியைக் கட்டிய காண்ட்ராக்டர் செல்லதுரை. உத்தரம் வார்த்தவன் மதுரைவீரன். நாலாம் வகுப்பில் அவர்கள் மகள் பூமாலை படித்தாள்.

புறப்படுகிற அன்று காலையில் மதுரைவீரன் வாசற்படியில் குறுக்கே நின்றான். "நீ போவாத. அவுரு பொட்டி இருக்கில்ல, அது போதும்" என்றான். அவள் அவனை விலக்கிக்கொண்டு போய்ப் பஸ் ஏறினாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் மரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை வேட்டியும் கையில் குடையுமாகச் செல்லதுரை வந்து நின்றார். ஆண்டவர் ஏணி வைத்து ஏறி முதல் உத்தரத்தைத் தட்டினார். குஞ்சம்மாள் கணீரென்று ஒலித்தாள். இரண்டாவதும் அப்படியே. செல்லதுரை சிரித்தபடி குடையைத் தரையில் ஊன்றினார். நாலாம் வகுப்பின் மேலிருந்த மூன்றாவது உத்தரத்தைத் தட்டியபோது குஞ்சம்மாளின் வாய் திறந்தே இருந்தது, ஓசை வரவில்லை. ஆண்டவர் மறுபடி தட்டினார். அப்போது பள்ளியின் வாசல் பக்கமிருந்து ஓட்டைப் பானைச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருந்த மதுரைவீரன், கையெல்லாம் சிமெண்டோடு அங்கே நின்றான். சத்தம் அவன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். மூக்கு வழியாக வந்தது. மூக்கையும் பொத்தினான். காது வழியாக வந்தது. மரத்தடியில் ஒரு பிள்ளையின் தட்டு கவிழ்ந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

செல்லதுரைக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன கண்கட்டு வித்தையா காட்டுறீங்க புருசனும் பொண்டாட்டியும்?" என்று கத்தி, ஆண்டவரின் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி, தானே ஏணியில் ஏறி உத்தரத்தை ஓங்கி அடித்தார். மதுரைவீரன் முன்னைவிடப் பலமாக ஒலித்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவன் பேசினான்.

"நாந்தான் சார் ஊத்துனேன். பாதியில சிமெண்டு தீந்துபோச்சு. அடுத்த மூட்டைக்குச் சர்க்கார் பர்மிட்டு வந்து சேர நாலு நாளாயிட்டு. காஞ்சதுமேலயே ஊத்தி மூடுன்னாரு மொதலாளி. மூடிட்டேன். உள்ள ரெண்டும் ஒட்டல சார். அது ஒண்ணு, இது ஒண்ணா நிக்கிது."

"டேய்!" என்றார் செல்லதுரை. ஆண்டவர் பெட்டியின் முள்ளைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். அரியமுத்து அப்போதே போய்க் கதவைப் பூட்டினார்.

குஞ்சம்மாள் கணவனின் முன்னால் போய் நின்றாள்.

"நம்ம புள்ள அதுக்குக் கீழதான உக்காருது?"

"ஆமா புள்ள. ஆனில அவ நாலாப்பு போனதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல."

"அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம்? ஊராரு புள்ளைவோ உக்காந்தப்ப எறங்குச்சா?"

ஓட்டைப் பானைச் சத்தம்தான் பதிலுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்தச் சத்தம் நிற்கவில்லை. சாதாரணமாக மூச்சு இழுப்பதற்குள் அடங்கிவிடுகிற ஓசை, மதுரைவீரனிடம் பதினோரு நாள் ஒலித்தது. அவன் சோறு மென்றாலும் கேட்டது, தண்ணீர் குடித்தாலும் கேட்டது. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கண்டக்டர் அவனைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் இரண்டு நாள் அடித்து எழுப்பப்பட்டவர்கள் போல விழித்திருந்தார்கள், மூன்றாம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினார்கள். பிள்ளைகளின் தாய் தகப்பன் ஒவ்வொருவராக அடிக்கத்தான் வந்தார்கள், அவன் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். குஞ்சம்மாள் சமைத்து வைப்பாள், அவனோடு பேசுவதில்லை. பள்ளிக்கூடம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. மூன்றாவது உத்தரம் எப்போதும்போல வெள்ளையடித்த அழகோடு நின்றது. ஐந்தாறு நாள் போனதும் சிலர், இத்தனைக்கும் அது விழவே இல்லையே, பிள்ளைகளை ஏன் மண்டபத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று அரியமுத்துவிடம் கேட்க ஆரம்பித்தார்கள். செல்லதுரை பூட்டை உடைக்க ஆள் அனுப்பினார். வந்த ஆள் வாசலில் உட்கார்ந்திருந்த அரியமுத்துவைத் தாண்டிப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் திங்கட்கிழமை. காலை பத்து இருபதுக்கு மதுரைவீரன் பள்ளியிலிருந்து மூன்று மைல் தள்ளி, ஒரு களத்துமேட்டில் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. கூட இருந்தவர்கள் அந்த அமைதியில் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். அவன் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு, செருப்பு போடாமல், கொன்னைக்குறிச்சிப் பக்கம் ஓடினான். அவன் போய்ச் சேரும்போது புழுதி இன்னும் அடங்கவில்லை. உத்தரம் நடுவில் இரண்டாகி, நாலாம் வகுப்பின் மேல் கிடந்தது. பெஞ்சுகள் அப்பளமாகியிருந்தன. ஒட்டாத இரண்டு முகமும் கத்தியால் வெட்டினாற்போல வழுவழுவென்று இருந்தன. ஊரே சுற்றி நின்றது. ஒருத்தி மட்டும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை எண்ண ஆரம்பித்து, நாற்பத்து மூன்று பேரும் வந்தபிறகும் நிறுத்தாமல் முதலிலிருந்து எண்ணினாள். அது குஞ்சம்மாள்.

செல்லதுரை அந்த வாரமே கும்பகோணம் பக்கம் போனார், பிறகு இந்தப் பக்கம் எந்தக் கட்டடமும் எடுக்கவில்லை. மதுரைவீரன் பஞ்சாயத்தின் முன்னால் நின்று, திரும்ப நானே வார்த்துத் தருகிறேன், வேண்டாமென்றாலும் சரிதான் என்றான். ஊர் மூன்று நாள் யோசித்துச் சம்மதித்தது. தை மாதத்தில் ஒரு நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை, உத்தரம் முழுவதையும் ஒரே மூச்சில் வார்த்தான். பாதியில் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. சிமெண்ட் மூட்டைகளை அரியமுத்துவே நின்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வைத்தார். மறுநாள் காலையில் குஞ்சம்மாள் குடத்தோடு வந்தாள். இருபத்தெட்டு நாள் அவளே ஏணியில் ஏறித் தண்ணீர் ஊற்றினாள். பத்தாவது நாளோ என்னவோ, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவனிடம், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"தூக்குல இருக்கு. தின்னுங்க."

1984 ஆனியில் பள்ளி திறந்த அன்று ஆண்டவர் வந்தார். பிள்ளைகளை வெளியே அனுப்பலாம் என்றார். பிள்ளைகள் உள்ளேயே இருக்கட்டும், நானும் கூட நிற்கிறேன் என்றான் மதுரைவீரன். குஞ்சம்மாள் ஜன்னலோரம் நின்றாள். ஆண்டவர் தட்டினார். அவள் வாயைத் திறந்தாள், வரவில்லை. அவன் திறந்தான், வரவில்லை. ஆண்டவரின் முகம் மாறுவதற்குள், அந்த வருடத்து நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டு பேரிடமிருந்தும் ஒரே சமயத்தில் ஓசை எழுந்தது. கலங்கலில்லாத, நீளமான, ஒரே ஓசை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னல் கம்பிகளும் சேர்ந்து அதிர்ந்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் அந்தச் சோதனை நடந்தது, ஒவ்வொரு வருடமும் நாலாம் வகுப்புதான் ஒலித்தது. அதைப் பற்றி இன்ஸ்பெக்டருக்கு எழுதவேண்டுமா என்று புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் கேட்டபோது, எதற்கு என்றார் அரியமுத்து. 1984இல் முதல் தடவை பிள்ளைகள் ஒலித்த அன்றும் அவர் அவசரப்படவில்லை. ஓசை தானாக அடங்குகிறவரை மேசைமேல் கைவைத்துக் காத்திருந்தார். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டார். "உள்ளேன் அய்யா" என்றது பிள்ளை.