நாலு பேர் படுக்கும் வண்டி

குவைத்திலிருந்து திரும்புகிறவர்கள் மாடி கட்டுவார்கள், போர்வெல் போடுவார்கள், இல்லையென்றால் நகரியில் ஒரு கடையைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். விஜயபுரம் கோவர்த்தனனுக்கோ வீட்டுக்கே சக்கரம் வேண்டியிருந்தது. குவைத்தில் டிரைவராக முதலாளி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அவன் பாலைவனத்துக்கு ஓட்டிப்போன வண்டியில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டாம். அப்படி ஒன்றை வாங்கி, லீவு நாட்களில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, திருவிழா திருவிழாவாகப் போய் பிளாஸ்டிக் சாமான் விற்கப் போகிறானாம்.

அவன் மனைவி தாட்சாயணிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் தடுக்கவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்து மனுஷனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பகலில் காரணமில்லாமல் பஸ் ஏறிப் புத்தூர் வரை போய்விட்டு வருவான். இரவில் களத்துமேட்டில் கட்டிலைப் போட்டுக்கொண்டு புரளுவான். போன வாரம் எஸ்டிடி பூத்தில் நின்று விசா ஏஜெண்டோடு பேசிக்கொண்டிருந்ததை அவளே பார்த்தாள். வண்டி அமையாவிட்டால் மறுபடி விமானம் ஏறிவிடுவான். பதினோரு வருஷம் போதாதா? அந்தப் பயத்தில்தான் மகன் ஜெயபிரகாஷையும் மகள் ரூபாவையும் இழுத்துக்கொண்டு அவனோடு திருப்பதிக்கு வந்திருந்தாள்.

ரேணிகுண்டா சாலையில் பழைய வண்டிகள் விற்கும் சிட்டிபாபு முதலில் ஒரு மினி பஸ்ஸைக் காட்டினார். உள்ளே அலமாரி, சமையல் மேடை, மின்விசிறி என்று ஒரு குறையுமில்லை. எங்கள் தெருவில் திரும்பாது என்று கோவர்த்தனனே ஒதுக்கிவிட்டான். அடுத்தது ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கூண்டு. பிள்ளைகள் பின்னால் கிடந்து கத்தினால் முன்னால் இருப்பவர் காதில் விழுமா என்று தாட்சாயணி கேட்டாள். அதுவும் போயிற்று.

மூன்றாவது வேனைப் பார்த்ததும் கோவர்த்தனன் முகம் மலர்ந்தது. ரயிலில் இருப்பதைப் போல மெத்தை வைத்த பலகைகள், ஒவ்வொன்றுக்கும் திரை. இது உனக்கு, அது ரூபாவுக்கு, மேலே பையனுக்கு என்று தட்டித் தட்டிக் காட்டினான்.

“நீங்க எங்க படுப்பீங்க?” என்று கேட்டாள் தாட்சாயணி.

“நானா? டிரைவர் சீட்லயே சாஞ்சிக்குவேன். பழக்கம்தான.”

வெகு சாதாரணமாகத்தான் சொன்னான். குடும்பத்துக்கு வண்டி தேட வந்தவன் குடும்பத்தில் தன்னைச் சேர்க்கவே இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது. எங்களுக்கு டிரைவர் எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஓரமாக இன்னொரு வேன் நின்றது. முன்பு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓடிய வண்டி. சீட்டெல்லாம் கழற்றி, தரை மட்டும் வெறுமனே கிடந்தது. அது காலி டப்பா என்று சிட்டிபாபு சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும். ஊரில் மட்டும் யார் மெத்தையில் படுக்கிறார்கள்? வரிசையாகப் பாய் விரித்தால் போயிற்று. அவள் ஏறி, மகளை உள்சுவரோரம் படுக்கச் சொன்னாள். அடுத்து மகன். கடைசியாகக் கதவோரம் தானே படுத்து, புருஷனையும் வந்து படுத்துப் பார்க்கச் சொன்னாள்.

கோவர்த்தனன் கதவைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றான். ஒரு காலைத் தூக்கி வைத்தான், எடுத்துவிட்டான்.

“நீ கதவாண்ட படுத்துக்கினு கீற. நான் எங்க படுக்கிறது?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டு ஆண்பிள்ளைதான் கதவோரம் படுப்பான். அவனைத் தாண்டித்தான் எதுவும் உள்ளே வரவேண்டும். இவன் விமானம் ஏறிய அன்றே தாட்சாயணி பாய்க்கடியில் கொடுவாளைச் சொருகிக்கொண்டு அந்த இடத்துக்கு நகர்ந்தாள். திரும்பி வந்தவனுக்கு அதை விடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் கொஞ்ச நாள் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டுக் களத்துமேட்டுக்குப் போயிருக்கிறான். குவைத்தில் ஏசியில் படுத்த உடம்பு, வீட்டில் புழுங்குகிறது என்று இவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவனும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சொந்த வீட்டில் படுக்க இடம் கேட்பதா?

அவள் உடனே நகர்ந்துவிடவில்லை. அத்தனை வருஷம் காவல் கிடந்த இடம். விட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. பிறகு உள்பக்கம் தள்ளிப் படுத்தாள். நெருக்குகிறாய் என்று மகன் முனகினான்.

கோவர்த்தனன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கதவைப் பார்க்க ஒருக்களித்துப் படுத்தான். பாதி உடம்புதான் தரையில் இருந்தது. முழங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சிட்டிபாபு குனிந்து பார்த்தார். “எடம் பத்தாதும்மா. வேற வண்டி காட்றேன்.”

“பத்தும்,” என்றாள் தாட்சாயணி. “நாங்க இன்னும் நவுந்துக்கிறோம்.”