டண்டினொங்கில் விழாத பனிக்கு முன்னேற்பாடு

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பா வரதராஜா. தந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கதைக்கும் திருத்தம் சொல்வார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘2013ஆம் ஆண்டின் மே மாதம். டண்டினொங்கின் ஓட்டுக் கூரைகள்மேல் வெண்பனி மெல்ல —’

இல்லை. டண்டினொங் உலகின் தென்பாதியில் இருக்கிறது; மேயில் குளிர் தொடங்கும், ஆனால் பனி விழுவதில்லை. எங்கள் கூரையில் விழுவது புறா எச்சமும் யூகலிப்டஸ் இலையும்தான். பனியே இல்லாத ஊரில் பனிக்கதை எழுதுகிறாளே, இவளுக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று நீங்கள் நினைக்கலாம். வருத்தம் எங்கள் குடும்பத்துக்கு. கொஞ்சம் பொறுங்கள்.

2

கனடாவில் நடப்பது இதுதான். வீட்டின் சூடு மேலே ஏறிக் கூரைப்பனியை உருக்கும். உருகிய நீர் கூரையின் ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணைபோல் நிற்கும். பின்னால் வரும் நீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் இறங்கும். ஆகவே குளிர்காலத்துக்கு முன்பே வீட்டுச் சூடு மேலே போகாதபடி ஓட்டைகளை அடைக்க வேண்டும். நல்ல அறிவுரை. பத்தாயிரம் மைல் தாண்டி ஸ்கைப்பில் வந்ததுதான் பிழை.

“டேய் விஜி, குளிர் தொடங்க முன்னம் சீலிங், சுவர் எல்லாம் பார். ஒரு ஓட்டை விடாத.”

“ஓம் அண்ணை.”

“போன வருஷம் தண்ணி உள்ளுக்க வந்து என்ர புதுச் சோபா நாசம்.”

“ஓம் அண்ணை.”

(அப்பா, விஜயரத்தினம், உறைந்த மீன் வைக்கும் கிடங்கொன்றில் மேற்பார்வையாளர். அங்கே அவர் கையைக் காட்டினால் லொறி நிற்கும். அண்ணனுக்கு முன்னால் அவரிடம் இருப்பவை மேலே உள்ள இரண்டு சொற்கள்தான்.)

“இஞ்ச எங்கயப்பா ஸ்னோ?” என்று அம்மா கேட்டார்.

“வராதெண்டு நீ எழுதித் தருவியோ?”

வானிலைத் திணைக்களமே எழுதித் தந்திருக்கும். அப்பா அதைக் கேட்கவில்லை. திணைக்களம் அவருக்கு அண்ணன் இல்லையே.

3

எங்களுடையது பழைய வாடகை வீடு. அறைச் சுவர்களின் உச்சியில், ஒரு செங்கல் அளவில், காற்றுப் போவதற்கு ஓட்டைகள் இருந்தன. அப்பா ஒவ்வொன்றிலும் நுரை அடைத்து, மேலே சாம்பல் நிற டேப் ஒட்டி, படம் எடுத்து அனுப்பினார். பெரியப்பா “கெட்டிக்காரன்” என்று பதில் எழுதினார். ஐம்பத்திரண்டு வயது அப்பா அன்று முழுக்க ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

யூன் வந்தது. கூரையில் ஐஸ் கட்டவில்லை.

“பாத்தியே கனகேஸ்?” என்று அம்மாவிடம் கேட்டார் அப்பா. “அடைச்சதாலதான் வரேல்லை.”

இந்த வாதத்தை உடைக்க நான் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. உங்களால் முடிந்தால் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

4

அடுத்ததாக, எனக்கு நம்பிக்கை வராத ஒரு பாத்திரம்: சிறி அண்ணா. படகில் வந்தவர். வேலை செய்ய அனுமதியில்லாத விசா. எங்கள் ஹோலில், காஸ் ஹீற்றருக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுப் படுப்பவர். கதைக்கு இவர் வசதியாக அமைந்துவிட்டார் என்று சந்தேகப்பட்டு ஒருமுறை வெட்டினேன். அப்போது ஹோலில் யார் படுப்பது? கதை தானே எழும்பி வீட்டுக்குப் போய்விட்டது. ஆகவே திரும்பக் கூப்பிட்டேன்.

“முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. தலை இடிக்குதே சிறி?” என்று அம்மா கேட்டார்.

“சின்னதா அன்ரி. இமிகிரேஷன் கடிதம் இன்னும் வரேல்லையெல்லே.”

“எனக்கும் இடிக்குது. இந்த மனுசனோட இருந்தா இடிக்காதே?”

“வெளிய நடந்தாக் குறையுது.”

“ஓம், வீட்டுக்க இருந்து யோசிச்சா அப்பிடித்தான்.”

கவனித்தீர்களா? எங்கள் வீட்டில் ஒவ்வொருவரின் தலையிடிக்கும் ஏற்கெனவே ஒரு காரணம் நியமிக்கப்பட்டிருக்கிறது. சிறி அண்ணாவுக்கு விசா, அம்மாவுக்கு அப்பா, அப்பாவுக்கு மனேஜர். புதிதாக வந்த தலையிடிக்கு உட்காரக் கதிரை இல்லை.

5

ஹீற்றரின் பக்கவாட்டில் ஒரு ஸ்ரிக்கர். தூசியைத் துடைத்தபோது படித்தேன்: இந்த அறையின் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள், எரிந்த வாயு உள்ளே தங்கினால் மணமில்லாமலே உயிரை எடுக்கும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கும் விளங்கும் ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கச் சொன்னார்கள், அதனால்தான் விட்டேன். இப்போது கதையும் அதையே கேட்கிறது.

ஆகவே சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

நான் சொல்கிறேன். அப்பா “ஓம் மகள்” என்கிறார். (அறிவியல் புனைவு.)

வீட்டுக்காரர் தானாகவே வந்து ஹீற்றரைப் பார்க்கிறார். (வாடகைக்கு இருக்கும் வாசகர்கள் சிரித்து முடியட்டும்.)

நான் சொல்லவில்லை. ஒரு காலை அம்மா தேத்தண்ணியோடு ஹோலுக்கு வந்து, “சிறி, எழும்பு தம்பி” என்று —

இந்த வசனத்தை முடிக்க மாட்டேன்.

6

ஞாயிறு பின்னேரம் சிறி அண்ணா தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார். நான் ஹீற்றரை நிறுத்தினேன். குசினியிலிருந்து வந்த அம்மா, “ஐயோ, காய்ச்சல்காரப் பிள்ளை குளிரில கிடக்குது” என்று திரும்பப் போட்டுவிட்டுக் கஞ்சி வைக்கப் போனார். அன்பினால்தான்.

நான் கதிரையை இழுத்துச் சுவரோரம் போட்டு ஏறினேன்.

“என்ன தங்கச்சி செய்யிறீங்கள்? அங்கிள் பேசுவார்.”

“கதிரையப் பிடியுங்கோ.”

இத்தனை மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம். அவர் பயந்துபோய்ப் பிடித்தார். டேப் ஓவியம்போல் ஒட்டியிருந்தது. அப்பாவின் வேலை என்றால் வேலைதான். ஒரு மூலையைக் கிழித்திருப்பேன், அப்பா மடிக்கணினியை ஏந்திக்கொண்டு ஹோலுக்குள் வந்தார். திரையில் பெரியப்பா.

“ஆரடா அது மேல ஏறி நிக்கிறது?”

“என்ன பிள்ளை செய்யிறாய்?” என்றார் அப்பா. “பெரியப்பா கேக்கிறார்.”

எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவிடம் இல்லை என்று சொன்ன ஆள் இதுவரை இல்லை. இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று எழுதப் பார்க்கிறேன். ‘பெரியப்பா, குறை நினைக்காதேங்கோ, இஞ்ச —’ வெட்டினேன். ‘அப்பா, நீங்கள் செய்தது சரிதான், ஆனால் —’ அதையும் வெட்டினேன். எல்லா வசனமும் மன்னிப்பில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. இதற்குள் சிறி அண்ணா கதிரையை விட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டார்.

இனி எனக்குப் பதிலாக நீங்கள் அவர்களிடம் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றில்லை.