இருபது எண்ணும்வரை

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு பச்சைத் தொலைபேசி இருந்தது. நேயர்கள் பேசுவதற்கென்றே வாங்கி வைத்தது. அதன் எண்ணைத் திரைக்கு அடியில் நான்கு வருடமாக ஓடவிட்டார்கள். அது ஒரு தடவைகூட அடித்ததில்லை என்று சொன்னால் பொய். இரண்டு தடவை அடித்தது. முதல் தடவை யாரோ ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். இரண்டாவது தடவை, லைன் சரியாக இருக்கிறதா என்று தொலைபேசிக் கம்பெனிக்காரனே கூப்பிட்டான்.

இதைப் பற்றி, அங்கே குழாய் ரிப்பேர் சொல்லிக்கொடுக்கும் பிளம்பரக்காவுக்கு வருத்தமே கிடையாது. "பல்வலி போனவன் டாக்டருக்கு போன் பண்ணுவானா? வலிக்கிறவன்தான் பண்ணுவான். என் வைத்தியம் பலிக்குது, அதான் யாரும் கூப்பிடல" என்பாள். கேமராக்காரர் சிரித்தால், "சிரிக்காதீங்க, ஃபோகஸ் ஆடுது" என்று அதட்டுவாள்.

இருபத்தாறு வருடம் ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்த நேரத்தில், ஊர்ப் பணத்தில் ஓடும் அந்தச் சின்னச் சேனல் கூப்பிட்டது. இரண்டு அறை, ஒரு கேமரா, மொட்டைமாடியில் ஒரு கம்பம், அவ்வளவுதான் சேனல். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பத்தரை வரை நேரடி ஒளிபரப்பு. ஒழுகும் குழாய் ஒன்றை மேஜையில் பொருத்தி, கழற்றி, வாஷர் மாற்றிக் காட்டுவாள். அதோடு விடமாட்டாள். மாற்றி முடித்ததும் குழாயை முழுசாகத் திறந்து இருபது எண்ணவேண்டும், உள்ளே கிடக்கிற துருவும் மண்ணும் அடித்துக்கொண்டு போகட்டும் என்பாள். இருபதில் டக்கென்று மூடவேண்டும், புது வாஷர் பிடித்ததா என்று அப்போதுதான் தெரியும். கீழே வாளி வைத்துத் தண்ணீரைப் பிடிக்கவேண்டும். வாளி வைக்காதவனுக்கு அவளிடம் மரியாதை இல்லை.

அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை நிலையத்துக் குழாய்தான். வாரா வாரம் அவள் எண்ண ஆரம்பித்ததும் மேஜைக் குழாயில் தண்ணீர் மெலியும். பழைய கட்டடம், பைப்புக்குள் துரு என்று அவளே தீர்ப்பு எழுதி, இரண்டு தடவை பைப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டாள். சனியன் மறுபடியும் மெலிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான். சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி பேச்சுக்கும் இஸ்திரி போட்டுத்தான் பேசுவார். மேஜைமேல் ஒரு தாள் இருந்தது.

"அக்கா, கணக்கெடுப்பு வந்திருக்கு. யார் எந்த நிகழ்ச்சி பாக்கிறாங்கன்னு."

"என்னோடது எவ்வளவு?"

"பூஜ்யம்."

"பூஜ்யம்னா?"

"பூஜ்யம்னா பூஜ்யம்தான் அக்கா. நாற்பது வீட்டுல பெட்டி வச்சிருக்காங்க. எந்த சேனல் ஓடுதுன்னு அந்தப் பெட்டி குறிச்சுக்கும். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு வீட்டுலகூட நாம இல்ல."

அவள் தாளை வாங்கி முகவரிகளைப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நாற்பதும் புது அடுக்குமாடி வீடு சார். அங்க எல்லாம் வாட்ச்மேனுக்கு ஒரு குரல் குடுத்தா பிளம்பர் வந்து நிப்பான். அவங்க ஏன் என்னைப் பாக்கணும்? சாப்பிட்டு ஏப்பம் விட்டவன்கிட்டப் போய் பசிக்குதான்னு கேட்டுட்டு வந்திருக்காங்க."

"இருக்கலாம். ஆனா என்கிட்ட இருக்கிறது இந்தத் தாள்தான். யாரோ பாக்கிறாங்கன்னு நீங்க சொல்றீங்க, காட்ட முடியுமா? வாய்ச்சொல்ல வச்சு நான் மேல பேச முடியாது." அவர் தாளை மடித்தார். "இந்த சனிக்கிழமையோட நிறுத்திக்கலாம் அக்கா. அடுத்த வாரத்துலேர்ந்து அந்த நேரத்துக்கு ஒரு சட்டி கம்பெனி நிகழ்ச்சி குடுக்கிறாங்க."

ஒட்டாத சட்டி. அதில் ஒருத்தன் அரை மணி நேரம் முட்டையை வழுக்கவிட்டுக்கொண்டே இருப்பான். அதற்கு வழிவிட்டுத் தான் ஒதுங்கவேண்டுமா என்று நினைத்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் அவள் கணவர் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "நான் ஒருத்தன் பாக்கிறேனே, அதுகூடவா கணக்குல வரல?" என்றார்.

"நீங்க எங்க பாக்கிறீங்க? கண்ணு ஊசில, காதுதான் டிவில."

"காதாவது இருக்கே. எத்தனை வீட்டுல பொண்டாட்டி பேச்சுக்கு அதுகூட இல்ல."

அவள் சிரித்தாள். ஆனால் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது கை நின்றது. நான்கு வருடமாக ஒரு கண்ணாடி வட்டத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். அதற்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஒருத்தரும் இல்லை என்றால்? அந்த நினைப்பு அவளைச் சுட்டது. பிறகு, 'போடி பைத்தியக்காரி, ஒழுகாத ஊர் எங்கேயாவது உண்டா' என்று தன்னையே திட்டிக்கொண்டு விளக்கை அணைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் நிலையத்தில் சனிக்கிழமைக்கான குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் எதிரே கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். கையில் ஆள் உயர இரும்புக் கம்பி.

"இங்க எண்ணுற பொம்பளை யாரு?"

மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். பிளம்பரக்கா எழவில்லை. "நான்தான். என்ன எண்ணணும்?"

அவர் ஊர் பம்ப் நிலையத்து ஆபரேட்டர். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தொட்டி கிடையாது. பம்பிலிருந்து தண்ணீர் நேரே குழாய்க்கு வரும். ஊரில் யார் எப்போது குழாயைத் திறந்தாலும் அவர் முன்னால் இருக்கும் பிரஷர் முள் அசையும்.

"மூணு மாசமா சனிக்கிழமையில நான் நிம்மதியா உக்காந்ததில்லம்மா. சரியா பத்து இருபதுக்கு முள்ளு மயக்கம் போட்டு விழுது. கொஞ்ச நேரத்துல திடும்னு ஏறி உச்சியில முட்டுது. எங்கயோ பைப் உடைஞ்சிருக்குன்னு மூணு தெருவைத் தோண்டிட்டேன். தோண்டுன இடமெல்லாம் பைப் மாப்பிள்ளை மாதிரி படுத்திருக்கு. தெருக்காரங்க திட்டு வேற."

"மூணு மாசமாத்தானா? நான் நாலு வருஷமா எண்ணுறேனே."

"நான் வந்து மூணு மாசம்தான் ஆச்சு. எனக்கு முன்னாடி இருந்தவர் அந்த நேரத்துல தூங்கினாரோ என்னவோ." கம்பியை ஓங்கித் தரையில் ஊன்றினார். "போன சனிக்கிழமை இந்தக் கம்பியைத் தெருவுல ஊணி, கசிவு கேக்குதான்னு காதை வச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு தெருவே ஸ்ஸ்ஸ்னு இரைஞ்சுது. நிமிந்து பாத்தா இந்தப் பக்கத்து ஜன்னல்ல ஒரு பொம்பளை குரல் எண்ணுது. அந்தப் பக்கத்து ஜன்னல்லயும் அதே குரல். ஏழு, எட்டு, ஒம்பதுன்னு. இருபதுன்னதும் தெரு முழுக்க டப்புனு நின்னுது பாருங்க, கம்பி அதிர்ந்து என் காதுல அடிச்சிருச்சு."

காது இன்னும் சிவந்துதான் இருந்தது. ஆனால் பிளம்பரக்கா அவர் காதைப் பார்க்கவில்லை. கையிலிருந்த குழாயை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"எத்தனை ஜன்னல்?"

"நான் என்ன ஜன்னல் எண்ணவா போனேன்?"

"தோராயமா சொல்லுங்கண்ணே."

"அந்த ஒரு தெருவுல பதினஞ்சு இருபது இருக்கும். எதுக்கு?"

அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு. அதோடு இன்னொன்றும் உறைத்தது. இரண்டு தடவை பைப் மாற்றினாளே, அதில் துருவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் எண்ணும்போது ஊரே திறந்திருக்கிறது, அதனால்தான் இங்கே மெலிந்திருக்கிறது. இருபத்தாறு வருட பிளம்பர், எதிரில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு பைப்பில் அடைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மேலாளர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை பத்து மணிக்கு மேலன்னா எல்லாரும் குளிக்கிற, துவைக்கிற நேரம். தற்செயலா இருக்கும். அப்படியே பாத்தாலும் குழாய் ஒழுகுறவன் வருவான், சரி பண்ணுவான், போவான். அவன் நோயாளி அக்கா, பார்வையாளன் இல்ல. சும்மா உக்காந்து உங்களைப் பாக்க ஆள் இருக்கா?"

"சனிக்கிழமை நீங்க பம்ப் ரூமுக்குப் போங்க" என்றாள் அவள். "முள்ளு முன்னாடி நில்லுங்க. ஊருக்கு நடுவுல ரயில் பாதை ஓடுதுல்ல? கிழக்க இருக்கிறவங்களை முதல்ல திறக்கச் சொல்றேன். அவங்க மூடினப்புறம் மேற்க இருக்கிறவங்களைச் சொல்றேன். முள்ளு ரெண்டு தடவை தனித்தனியா விழுந்தா, அது குளிக்கிறவன் வேலையான்னு நீங்களே சொல்லுங்க."

ஆபரேட்டர் முதலில் முடியாது என்றார். பிறகு யோசித்தார். "சரி. ஆனா நான் நேரத்தோட எழுதுவேன், சார் அதுல கையெழுத்துப் போடணும். இந்தம்மா மேல புகார் குடுக்க எனக்கு ஆதாரம் வேணும்."

"தாராளமா குடுங்க, எனக்கும் ஒரு நகல் வேணும்" என்றாள் பிளம்பரக்கா.

சனிக்கிழமை காலை செல்போன்களை வழக்கம்போல அணைத்து அலமாரியில் வைத்தார்கள். நிலையத்தில் அவளும் கேமராக்காரரும் மட்டும்தான். பத்து மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று மாற்றிய வாஷர் அவள் வாழ்நாளிலேயே அழகாகப் பொருந்திய வாஷராக இருந்திருக்கும். பத்து இருபதுக்கு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஒரு மாறுதல். ரயில் பாதைக்குக் கிழக்க இருக்கிறவங்க மட்டும் வாளியை வச்சுட்டுக் குழாயைத் திறங்க. மேற்க இருக்கிறவங்க கையைக் கட்டிக்கிட்டு இருங்க, உங்க முறை வரும். ஒண்ணு… ரெண்டு…"

தன் மேஜைக் குழாயையும் திறந்துவைத்திருந்தாள். அதையே பார்த்தாள். நாலு எண்ணுவதற்குள் தண்ணீர் சுண்டுவிரல் அளவு மெலிந்தது. இருபதில் அவள் "மூடுங்க" என்றதும் பழையபடி தடித்தது.

"இப்ப மேற்கு." மறுபடியும் எண்ணினாள். மறுபடியும் மெலிந்தது, கொஞ்சம் கூடுதலாகவே. மேற்கில் பழைய வீடுகள் அதிகம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பேசியது அவ்வளவுதான். ஆனால் மேலாளர் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. நோயாளியாம்.

"இன்னும் ஒரு தடவை," என்றாள் கேமராவைப் பார்த்து. "வீட்டுல ஒரு ரிப்பேரும் இல்லாதவங்க, சும்மா என்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க யாராவது இருந்தா, நீங்க திறங்க. கிழக்கு மேற்கு எல்லாம் வேணாம். வாளியை மறக்காதீங்க. ஒண்ணு…"

மூன்றில் தண்ணீர் பென்சிலானது. ஆறில் நூலானது. கேமராக்காரர் கேமராவை விட்டுத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். பதினொன்றில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பன்னிரண்டில் அதுவும் இல்லை. காய்ந்த குழாயை நேரலையில் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். கண் நிறைந்துவிட்டது. குரலை மட்டும் விடாமல் இருபது வரை எண்ணி முடித்தாள்.

ஊரின் மறுபக்கத்தில், சுமை தாங்காமல் பம்ப் மோட்டார் கட்டாகி நின்றுபோயிருந்தது.

சிவப்பு விளக்கு அணைந்த மறு நிமிடம் பச்சைத் தொலைபேசி அடித்தது. அந்தச் சத்தம் என்னவென்று இருவருக்கும் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவள் எடுத்தாள்.

"நீ சொன்னேன்னு திறந்தேன், இப்ப தண்ணியே வரல! தலையில சோப்போட நிக்கிறார் வீட்டுக்காரர்!"

"மன்னிச்சுக்கோங்கம்மா, இப்ப வந்துரும். எந்தக் குழாய்? சமையலறையா, பாத்ரூமா?"

வைத்தாள், அடித்தது. மறுபடி வைத்தாள், மறுபடி அடித்தது. குழாயடிச் சண்டை கேட்டிருக்கிறோம், இது ஊர் மொத்தத்துக்கும் ஒரே குழாயடி. பாதிப்பேர் திட்டினார்கள். திட்டியவர்களில் பாதிப்பேர் திட்டி முடித்த கையோடு வேறொரு ஒழுகலுக்கு வழி கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நிலையத்தில் உட்கார்ந்து இவ்வளவு சந்தோஷமாக அவள் திட்டு வாங்கியதே இல்லை.

ஒரு பெரியவர் திட்டவில்லை. "எங்க வீட்டுல ரிப்பேர் ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

"சொல்லுங்கய்யா."

"சும்மா பாக்கிறவங்கன்னு சொன்னியே. அதான் திறந்தேன். என்னையும் ஒருநாள் கூப்பிடுவேன்னு நெனைக்கல."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேலாளர் உள்ளே வந்தார். சட்டையின் இஸ்திரி போய், பம்ப் அறையின் கிரீஸ் கையில் ஏறியிருந்தது. ஆபரேட்டரோடு சேர்ந்து மோட்டாரைத் தள்ளி ஓட்டினாரோ என்னவோ. கையில் ஆபரேட்டர் எழுதிய தாள். மூன்று வரி, மூன்று நேரம், அடியில் மேலாளரின் கையெழுத்து.

"முக்கால் மணி நேரமா அந்த நம்பருக்கு அடிக்கிறேன் அக்கா, லைனே கிடைக்கல. அதான் நேர்ல வந்தேன்." மூச்சு வாங்கினார். "சட்டிக்காரங்களுக்கு வேற நேரம் பாத்துக்கச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் நீங்க எத்தனை தடவை எண்ணுவீங்கன்னு ஆபரேட்டர் முன்கூட்டியே எழுதிக் கேக்கிறார். என்ன சொல்லட்டும்?"

அவள் ரிசீவரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள். "பாக்கிறவங்க பேசிட்டிருக்காங்க."