வெட்டிய புளியமரத்தில் ஒரு நேர்காணல்

திரும்பும் வழியில் மறியல்காரர்கள் பேருந்தை நிறுத்தி "எந்த ஊருப்பா?" என்று கேட்டபோது, என் மாணவர்கள் மூவரும் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். முழுப் பொறுப்பும் என்னுடையது. காலையில் கள்ளக்குறிச்சியில் ஏறும்போதே, திரும்பி வந்து இறங்குகிற வரைக்கும் வாயில் தமிழே வரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். வகுப்பில் நான் சொன்ன எதையும் கேட்காதவர்கள், இதை மட்டும் கேட்டுத் தொலைத்தார்கள்.

"நக்கலா?" என்றார் கோடாலியோடு நின்ற மாயவன்.

"நோ சார், வீ ஆர் ஸ்டூடண்ட்ஸ்" என்றான் செழியன், அழகான உச்சரிப்பில். எங்கள் நால்வரையும் இறக்கிவிட்டுப் பேருந்தை அனுப்பினார்கள். அதுதான் கடைசி வண்டியாம். அது வளைவு திரும்பியதும், அவர்கள் முக்கால்வாசி வெட்டி வைத்திருந்த புளியமரம் சாலையில் சாய்ந்தது.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீட்டுக்கு மறியல் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அதற்குள் மலைமேல் இருக்கும் கரியாலூர் அருவிக்குப் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டது கல்லூரியிலேயே நான் ஒருவன்தான். அருவிக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் பேசினால் ஆங்கிலம் தானாக வரும் என்பது என் சித்தாந்தம். அருவியில் குரங்குகள்தான் இருந்தன. அவற்றிடம் நிர்மலா நேரம் கேட்டாள்.

இந்த அவசரம் மூன்றாமவள் ஆண்டாளுக்காக. மறுநாள் காலை விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலைக்கு அவளுக்கு நேர்காணல். அதில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். இதுவும் கிடைக்காவிட்டால் படித்தது போதும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். இப்போது அவள் சாலையோரத்தில் நின்றாள், என்னைப் பார்க்காமல். திட்டியிருந்தால் தேவலை.

மாயவனிடம் எல்லாவற்றையும் தமிழில் கொட்டினேன்.

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா சார்?" என்றார். "நாங்களும் வேலைக்குத்தான் ரோட்ல குந்திக்கினு இருக்கறோம். பால் வண்டிய மட்டும் வுடுவோம். அதுல ஏத்தி வுடறேன், கேனைப் புடிச்சிக்கினு போங்க."

வண்டி வரும்வரை மரத்தின் மேலேயே உட்கார்ந்தோம். சும்மா இருப்பேனா? நேர்காணல் அதிகாரியாக மாறி, இந்த வேலை உனக்கு ஏன் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"டு சர்வ் த சொசைட்டி, சார்."

நான் எழுதிக் கொடுத்த பதில்தான். மறுபடி கேட்டேன். மறுபடியும் சொசைட்டி.

"இன்னா சொல்லுது பொண்ணு?" என்றார் மாயவன்.

"சமுதாயத்துக்குச் சேவை செய்யணுமாம்."

அவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சமுதாயம் கெடக்குது. உனக்கு இன்னாம்மா வேணும்?"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆண்டாளுக்கும் சிரிப்பு வந்து, பின் நின்றுவிட்டது. தூரத்தில் பால் வண்டியின் சத்தம் கேட்டது. நான் கடைசி முறையாக, இந்தத் தடவை மெதுவாக, "ஒய், ஆண்டாள்?" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"மை மதர் ஸ்டேண்டிங், சார். கரும்புக் காட்டுல. மை சிஸ்டர் ஸ்டேண்டிங். ஆல் டே ஸ்டேண்டிங்." மூச்சு விட்டாள். "ஐ வாண்ட் ஒன் சேர், சார். மேல ஃபேன்."

யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. வளைவில் வண்டி தெரிந்ததும் மாயவன் எழுந்து, பால் வண்டிக்கு விட்டிருந்த இடைவெளியில் கிடந்த கிளையை இழுத்து ஓரம் போட ஆரம்பித்தார்.